வால் நட்சத்திரம்: 18-55 கிட் லென்ஸ் போதுமா?

காட்பாடி: சாயங்காலம் மேற்கே தெரியும் வால் நட்சத்திரத்தைப் படமெடுக்கணும். பழைய டிஎஸ்எல்ஆர், அதோட வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், டிரைபாட் இருக்கு. ஷட்டரை 20 விநாடி திறந்து வெச்சா நட்சத்திரமெல்லாம் கோடாகுது, ஏன்?

ஆலங்காயம்: பூமி சுற்றுவதால்தான். கிராப் சென்சாருன்னா (ஃபுல் ஃபிரேமை விடச் சின்ன சென்சார்) 500-ஐக் குவியத் தூரத்தாலும் 1.5-ஆலும் வகுங்க, 55 மி.மீ.க்கு 6 விநாடி. அதுவே கொஞ்சம் அதிகம்தான், 4 வைங்க. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் பதிவு). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இரவல் கிடைச்சா விடாதீங்க: 55-ல் கிட் லென்ஸ் எஃப் 5.6தான், ஒளி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு.

பலர் கோட்டை விடுறது ஃபோகஸில். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தேடிக்கிட்டே இருக்கும். மேனுவலுக்கு மாத்தி, லைவ் வியூவில் 10 மடங்கு பெரிசாக்கி, பிரகாசமான நட்சத்திரம் சின்னப் புள்ளியாகிற வரை திருப்புங்க. ஸ்டெபிலைசர் ஆஃப், 2 விநாடி டைமர்.

குடியாத்தம்: ஒரே படத்தில் வால் மங்கலாத்தான் வரும். 60 படம், லென்ஸ் மூடி போட்டு அதே செட்டிங்கில் 15 டார்க் (சென்சாரின் இரைச்சல் புள்ளிகளைக் கழிக்க) எடுத்து, படங்களை ஒன்றாக்கும் டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் சேருங்க. வேலூர் வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கணும், அதனால ஊருக்கு மேற்கே போயிடுங்க. காவலூர் வானாய்வகம் ஜவ்வாது மலையில் இருப்பது சும்மாவா?

காட்பாடி: லென்ஸில் பனி பிடிச்சா?

ஆலங்காயம்: துடைக்காதீங்க, கறை படியும். ஹூட் மாட்டி, நடுநடுவே டார்ச் அடிச்சுப் பாருங்க.