ஊட்டி தாவரவியல் பூங்கா: முழங்கால் வலிக்காரர்களுக்கு வழி சொல்லுங்க

நீலகிரி நண்பர்களே, செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறைக்கு முந்தைய புதன்கிழமை, அரசு தாவரவியல் பூங்காவுக்கு 9 பேர் வர்றோம். அதில் நாலு பேர் 70 தாண்டியவங்க, ஒருத்தருக்கு சக்கர நாற்காலி. வண்டிக்கு இ-பாஸ் எடுத்தாச்சு. பிளாஸ்டிக் பாட்டில் கூடாதுன்னு தெரியும், எவர்சில்வர் பாட்டில்தான்.

கூட்டம் நுழைவாயில் புல்வெளி, கண்ணாடி மாளிகை, இத்தாலியப் பூங்கா இந்த மூணுலயே அடைஞ்சு நிற்கும். அமைதி வேணும்னா மேலே ஏறணும். 1848-ல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய 22 ஹெக்டேரும் தொட்டபெட்டா அடிவாரச் சரிவு. தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) இருக்கிற மேல்பக்கம் போகப் போக ஏற்றம்தான். சிக்கலே அங்கதான்: ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால். பனி ஈரத்தில் புல்லும் பாசி பிடிச்ச படியும் செருப்பை வழுக்கிவிடும்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். காலை 7 மணிக்கே டிக்கெட் கொடுக்கிறாங்களா? சேரிங் கிராஸ் சந்திப்பு நெரிசலில் சிக்காமல் வேனை வாசல்கிட்ட நிறுத்தி ஆளை இறக்க முடியுமா? கல்மரம் (கல்லா மாறின பழங்கால மரத்தண்டு) இருக்கிற குளம் வரைக்கும் படி இல்லாத பாதை எது? உள்ளே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா, நாமே கொண்டு வரணுமா?

மதியத்துக்கு மேல மழை பிடிச்சா குன்னூர் சிம்ஸ் பூங்கான்னு ஒரு யோசனை. ஆனா அது பள்ளத்துக்குள்ள இறங்குற பூங்கா, திரும்ப ஏறணுமே! சமீபத்தில் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனவங்க மட்டும் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.