கிரேக்கக் கோயில் கல்துண்டுகளுக்கு கேட்டலாக் போடுறது எப்படி?

உச்சிப்புளிக்காரன்:
வணக்கம். எம்.ஏ. தொல்லியல் படிக்கிறேன். கிரீஸ்ல ஒரு அகழாய்வுல கிடைச்ச கல்துண்டுகளோட போட்டோவும் அளவும் குடுத்து கேட்டலாக் போடச் சொல்லிருக்காங்க. தூண் துண்டு, கூரை ஓரத்து சிங்கமுகம், வெறும் துணி மடிப்பு மட்டும் தெரியுற ஒண்ணுன்னு எல்லாம் கலந்து கிடக்கு. அழகன்குளத்துல பானை ஓட்டுக்கு அட்டை எழுதுறத பாத்திருக்கேன், ஆனா இது அந்த மாதிரி இல்ல. கட்டடம், சிற்பம்னு பிரிக்கணுமா இல்ல கிடைச்ச வரிசைல நம்பர் போட்டுட்டே போலாமா? பாதி துண்டு என்னன்னே தெரியல, அதுக்கு என்ன பேர் எழுதுறது?

கீழக்கரை காக்கா:
தம்பி, ஏதென்ஸ் அகோராவுல, அதான் அந்த ஊரோட பழைய சந்தைத் திடல்ல, 1931ல இருந்து அமெரிக்கக்காரங்க தோண்டுறாங்க, அவங்க முறையப் பாருங்க. கட்டடத் துண்டுக்கு ஏ, சிற்பத்துக்கு எஸ், கல்வெட்டுக்கு ஐ, பானைக்கு பி, பக்கத்துல தொடர் நம்பர், அவ்வளவுதான். சிங்கமுகம் மழைத்தண்ணி விழுற கூரைக்கல்லு, எவ்வளவு அழகா செதுக்கியிருந்தாலும் ஏ-லதான் வரும். பேர் தெரியலன்னா விட்டுருங்க, பிறகு பாத்துக்கலாம். எந்தப் பக்கம் செதுக்கின பக்கம், எது உடைஞ்ச பக்கம்னு முதல்ல எழுதுங்க, அளவு போடுறப்ப "மிஞ்சியிருக்கிற உயரம்"னு போடுங்க, வெறும் உயரம்னு போட்டா படிக்கிறவன் முழுக்கல்லுன்னு நெனச்சுருவான்.

தொண்டி டிராப்ட்ஸ்மேன்:
காக்கா சொன்னது சரி. தூண் துண்டு சின்னதா இருந்தாலும் தூக்கிப் போட்டுறாதீங்க. தூண்ல மேலருந்து கீழ வரைக்கும் வாய்க்கால் மாதிரி பள்ளம் வெட்டியிருப்பாங்கல்ல, கிரேக்கத் தூண்ல டோரிக், அயோனிக்னு ரெண்டு பாணி உண்டு, டோரிக் தூண்ல அது பெரும்பாலும் 20, ரெண்டு பள்ளத்துக்கு நடுவுல கூரான விளிம்பு இருக்கும். அயோனிக்ல 24, விளிம்பு தட்டையா பட்டையா இருக்கும். ஒரே ஒரு டோரிக் பள்ளம் முழுசா இருந்தாப் போதும், விளிம்புல இருந்து விளிம்புக்கு நேரா அளந்து 6.39ஆல பெருக்குங்க, அந்த இடத்துல தூணோட விட்டம் வந்துரும். 20 செ.மீ. இருந்தா கிட்டத்தட்ட 128 செ.மீ. ஆனா தூண் மேல போகப் போக ஒடுங்கும், அதனால இத வச்சு அடிவிட்டம் இதுதான்னு அடிச்சுச் சொல்லிறாதீங்க.

அழகன்குளம் குழிக்காரன்:
நான் படிச்சவன் இல்ல தம்பி, இங்க குழில வேலை பாத்தவன். எழுத்து நம்பர் எல்லாம் அப்புறம், எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எத்தனை ஆழம், அது அட்டைல இருக்கான்னு பாருங்க. அது இல்லாத ஓடு எங்களுக்கு வெறும் ஓடுதான்.

கீழக்கரை காக்கா:
அண்ணே, இடம் முக்கியம்தான், ஆனா கட்டடக்கல்லுல அத அப்படியே நம்பவும் முடியாது. கி.பி. 267ல ஹெருலியர்கள்னு வடக்கருந்து வந்த ஒரு படையெடுப்புக் கூட்டம் ஏதென்ஸ அடிச்சு நாசம் பண்ணாங்க, அப்புறம் ஊருக்கு கட்டின மதில்ல இடிஞ்ச கட்டடத்துக் கல்லத்தான் தூக்கி வச்சாங்க. மதில்ல கிடைச்ச துண்டு மதிலோடது இல்லையே. மிச்ச பளிங்குல எவ்வளவோ சூளைக்குப் போயிருச்சு, நம்ம பக்கம் பவளக்கல்ல சுட்டு சுண்ணாம்பாக்கின மாதிரிதான். அதனால கிடைச்ச இடம்னு ஒரு கட்டம், முதல்ல இருந்த இடம்னு இன்னொரு கட்டம் போடுங்க தம்பி, ரெண்டாவது பெரும்பாலும் காலியாத்தான் கிடக்கும், கிடக்கட்டும்.

உச்சிப்புளிக்காரன்:
ரொம்ப நன்றி காக்கா, அண்ணே. துணி மடிப்பு துண்டுல மடிப்போட இடுக்குல லேசா நீலமா ஏதோ தெரியுது, அழுக்கா என்னன்னு புரியல. அடுத்த மாசம் நேர்லயும் சில துண்டு பாக்க விடுறாங்களாம், கழுவிட்டுப் பாக்கலாமா?

தொண்டி டிராப்ட்ஸ்மேன்:
அய்யோ, தண்ணியே காட்டாதீங்க! பழைய கிரேக்கச் சிற்பத்துக்கெல்லாம் கலர் பூசியிருந்தாங்க. அது எகிப்திய நீலம்ங்கிற பழங்காலச் சாயமா இருந்தா சாதா வெளிச்சம் அடிச்சு அகச்சிவப்பு கேமராவுல பாத்தா வெள்ளையா மின்னும், கண்ணுக்குத் தெரியாத துளி கூட மாட்டிக்கும். கேட்டலாக்ல "மடிப்பு இடுக்கில் நீல நிறத் தடயம், கழுவவில்லை"ன்னு எழுதிட்டு, கன்சர்வேஷன் ஆளக் கூப்பிடச் சொல்லுங்க. அப்புறம் துண்டு மேல நம்பர் எழுதச் சொன்னா உடைஞ்ச பக்கத்துல எழுதுங்க, அதுவும் நேரா கல்லு மேல வேணாம், பாரலாய்டு பி72ங்கிற தெளிவான பிசின்ல ஒரு கோட்டிங் குடுத்து அது மேல.