ஜாவல் ரூல் கணக்கு ஒத்து வரவில்லை, அவசரம்

இரண்டாம்வருடம்: கெரட்டோமீட்டரில் (கண்ணின் முன் படலமான கார்னியாவின் வளைவை அளக்கும் கருவி) இரு திசைப் பவர் வித்தியாசம் 1.25 டி. (டயாப்டர்). கார்னியா அளவிலிருந்து கண்ணின் மொத்த அஸ்டிக்மாட்டிசத்தை (திசைக்குத் திசை பவர் மாறுவது) ஊகிக்கும் ஜாவல் ரூல்படி 1.25 × 1.25 + 0.50 = 2.06. ரிஃப்ராக்‌ஷனில் நோயாளி சிலிண்டர் (அதைச் சரிசெய்யும் கண்ணாடிப் பவர்) 0.75தான் ஏற்கிறார். எங்கே தப்பு? நாளைக் காலை கேஸ் ஷீட் கொடுக்கணும்.

லென்சோமீட்டர்: ஆக்சிஸ் (சிலிண்டரின் திசை, டிகிரியில்) எங்கே? கே ரீடிங் (கெரட்டோமீட்டர் அளவு) இரண்டையும் போடுங்கள். வயது?

கண்ணாடிக்கடை: மெஷின் காலிப்ரேஷனைப் பாருங்க, எப்பவும் அதுதான்.

பழையபேட்ச்: தம்பி, இது முதல் வருடப் பாடம். சூத்திரம் மனப்பாடமானால் போதாது, குறியும் வேண்டும். அந்த 0.50, ஆக்சிஸ் 90இல் உள்ள மைனஸ் சிலிண்டர். கார்னியா வித்-தி-ரூல் (செங்குத்தில் அதிக வளைவு) என்றால் கழியும், அகெய்ன்ஸ்ட் (கிடையில் அதிக வளைவு) என்றால் கூடும். சாய்ந்த ஆக்சிஸுக்கு இப்படி நேராகக் கூட்டிக் கழிக்கவே கூடாது.

இரண்டாம்வருடம்: 43.00 @ 180, 44.25 @ 90. வயது 64.

லென்சோமீட்டர்: அப்போ வித்-தி-ரூல். 1.56 − 0.50 = 1.06. பெருக்கலை விட்டுவிடும் குரோவனர் சுருக்கத்தில் 1.25 − 0.50 = 0.75. ரிஃப்ராக்‌ஷன் ஆக்சிஸ் 180தானே?

இரண்டாம்வருடம்: ஆமாம். கேட்டராக்ட் ஆபரேஷன் ஆனவர், சாதாரண ஐஓஎல் (உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ்).

கண்ணாடிக்கடை: இதை முதல்லயே சொல்லக் கூடாதா!

பழையபேட்ச்: அப்போ ஜாவலைத் தூக்கிப் போடு. 0.50 என்பது கண்ணின் சொந்த லென்ஸ் தருவது. அதை எடுத்த கண்ணில் விடை பொருந்தினால் தற்செயல்.

லென்சோமீட்டர்: அந்த 0.50 முழுக்க லென்ஸ் இல்லை சார். கெரட்டோமீட்டர் கார்னியாவின் நடுவில் சுமார் 3 மி.மீ. பகுதியில் முன்பக்க வளைவை மட்டும் அளந்து, 1.3375 என்ற ஒப்புக்கான இன்டெக்ஸை (ஒளிவிலகல் எண்) வைத்துப் பவர் சொல்கிறது. பின்பக்கத்தைத் தொடுவதே இல்லை. பெரும்பாலோருக்குப் பின்பக்கம் செங்குத்தில் அதிகம் வளைந்திருக்கும். அங்கே பவர் மைனஸ், அதனால் அகெய்ன்ஸ்ட் பக்கம் சராசரி 0.3 டி. இழுக்கும். டோரிக் ஐஓஎல் (சிலிண்டரும் சேர்ந்த லென்ஸ்) கணக்கில் இதை விட்டால் வித்-தி-ரூல் கண்ணில் ஓவர்-கரெக்‌ஷன்.

பழையபேட்ச்: 0.3 எப்போது 0.50 ஆனது?

லென்சோமீட்டர்: சராசரி சார் அது. வித்-தி-ரூல் கண்ணில் பொதுவாகக் கூடுதல். ஐஓஎல் சாய்ந்திருந்தாலும் கொஞ்சம் மாறும். டோமோகிராஃபி (கார்னியாவின் இரு பக்கமும் அளக்கும் ஸ்கேன்) எடுத்தால் பின்பக்கச் சங்கதி தெரிந்துவிடும்.

கண்ணாடிக்கடை: ரூலைச் சொன்ன ஜாவல் பாவம், கிளாகோமாவில் கடைசியில் அவருக்கே பார்வை போச்சு.

பழையபேட்ச்: இதற்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம்வருடம்: −0.75 × 180 என்றே எழுதிக் கொடுத்தாச்சு. மேடம் ஜாவல் பற்றிக் கேட்கவே இல்லை. நன்றி.