ப்ரூஃப் திருத்தத்தைப் பார்த்தே துறையைச் சொல்லிவிடலாம்

திருவல்லிக்கேணி டிடிபி:

1994 முதல் 2016 வரை திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருந்தேன். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் நடந்து போகிற தூரம். அதனால் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு எல்லாம் ஒரு பக்கம் ஓடினாலும் எனக்குச் சோறு போட்டது தீசிஸ்தான். எம்ஃபில், பிஎச்டி இரண்டும் சேர்த்து எத்தனை அடித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. நான் பி.காமைப் பாதியில் விட்டவன். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் அத்தனை துறைகளும் மாறி மாறி உட்கார்ந்து எழுந்த ஒரே ஸ்டூல் என் கடையில்தான் இருந்தது என்று தைரியமாகச் சொல்வேன்.

நான் கண்டுகொண்டது ஒன்று. ப்ரூஃப் திருத்தி வருகிற தாளைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரியாவிட்டாலும் துறை எது என்று தெரிந்துவிடும். தாவரவியல்காரர்கள் சாய்வெழுத்துக்காக உயிரை விடுவார்கள். செடியின் பெயர் இரண்டு சொல்லும் சாய்ந்திருக்க வேண்டும், முதல் சொல் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், இரண்டாவது சின்ன எழுத்து, அதற்குப் பின்னால் வருகிற பெயர் வைத்தவரின் பெயர் மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். வேதியியல்காரர்களுக்கு அறுகோணம் கோணக்கூடாது. வரலாற்றுக்காரர்களுக்கு அடிக்குறிப்பு, அதுவும் கடைசி நாளில் வந்து நடுவில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்வார்கள், அத்தனை எண்ணும் தள்ளிப்போகும். காமர்ஸ்காரர்களுக்கு அட்டவணை, ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழேயும் அதில் உள்ளதையே மறுபடி வாக்கியமாக எழுதியிருப்பார்கள். அது ஏன் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவன் நான் ஏன் கேட்கப் போகிறேன்.

தமிழ்த்துறை என்றால் ஒற்று. ஒரு அம்மா வந்திருந்தார். ‘வேலை கொடுத்தான்’ என்று அடித்திருந்தேன். சிவப்புப் பேனாவால் நடுவில் ஒரு க் போட்டு, “தம்பி, நீங்க அடிச்சது உத்தியோகம் கொடுத்தான். இங்க அவன் கொடுத்தது வேல், முருகன் கையில இருக்குமே அது” என்றார். அன்றிலிருந்து ஒற்று போடும்போதெல்லாம் கை கொஞ்சம் நடுங்கும்.

மறக்க முடியாதவர் ஒரு இயற்பியல் பையன். ராத்திரி எட்டு மணிக்குப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து சரிபார்த்தவர் திடீரென்று எதுவும் பேசவில்லை. 83ஆம் பக்கத்தில் ஒரு மைனஸ் குறி இல்லை. நான்தான் விட்டுவிட்டேன் என்று பதறிப்போய் அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தால், அதிலும் இல்லை. அங்கிருந்து 140ஆம் பக்கம் வரைக்கும் எல்லாம் அந்த ஒரு குறியின் மேல் நின்றது. “உங்க மேல தப்பு இல்லண்ணே” என்று சொல்லி எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். நாலு மாசம் கழித்து வந்தார், தீசிஸில் பாதி புதுசு. முதலில் வந்ததைவிட விடை நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு இரண்டுமே ஒன்றாகத்தான் தெரிந்தது.

நீங்கள் ஆராய்ச்சி செய்தவர்களாக இருந்தாலும் சரி, பக்கத்தில் இருந்து பார்த்தவர்களாக இருந்தாலும் சரி, உங்கள் துறையில் எது தப்பு, அடுத்த துறைக்காரர் செய்வதைப் பார்த்து எப்போது வாயைப் பிளந்தீர்கள், எழுதுங்கள்.

பாசிக்காரி:

சாய்வெழுத்துக்குச் சண்டை போட்டவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கலாம் அண்ணா, மன்னிக்கவும்.

என்னுடையது கடற்பாசி. மண்டபம், பாம்பன் பக்கம் களப்பணி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் தண்ணீர் நன்றாக வற்றும், அந்தப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான், அதனால் என் ரயில் டிக்கெட்டுகள் எல்லாம் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போட்டவை. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் இரண்டு தீபாவளி முழங்கால் தண்ணீரில் போனது. அங்கே பாசி எடுக்கிற அக்காக்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூழ்கி எழுவார்கள். நான் கையிலிருக்கும் நூலைப் புரட்டி ‘கிராசிலேரியா’ என்று முடிவுக்கு வருவதற்குள் “கஞ்சிப்பாசி” என்று பெயர் சொல்லிப் பைக்குள் போட்டுவிடுவார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்றும் ஒன்று உண்டு, லத்தீன் பெயரைவிட அந்தப் பெயர்தான் பார்த்தவுடன் பொருந்துகிறது.

எடுத்து வந்த பாசியைத் தாளில் ஏற்றுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. தட்டில் தண்ணீர் விட்டு, தாளை அதற்குள் அமிழ்த்தி, மேலே பாசியை மிதக்கவிட்டு, தூரிகையால் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, தாளை ஒரு ஓரமாகச் சாய்த்து மெதுவாகத் தூக்க வேண்டும். மேலே மஸ்லின் துணி, அதற்கும் மேலே பழைய செய்தித்தாள், எல்லாவற்றுக்கும் மேலே கனம். செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும். பசை வேண்டாம், பாசியின் வழவழப்பே தாளோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் துறையில் எது தப்பு என்று கேட்டீர்கள். லேபிள். எந்த இடம், எந்தத் தேதி, எவ்வளவு ஆழம் என்று எழுதாத பாசி, எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசி ஆய்வு என்பது எம்.ஓ.பி. அய்யங்கார் காலத்திலிருந்து வருகிற பெரிய பரம்பரை. அந்தப் பரம்பரையில் வந்துவிட்டு லேபிள் இல்லாமல் ஒரு தாள் வைத்தால் யாரும் திட்டக்கூட மாட்டார்கள், சும்மா பார்ப்பார்கள், அது திட்டுவதைவிட மோசம்.

ஹாஸ்டலில் என் அறைத்தோழி கணிதம், ராமானுஜன் உயர்கணித நிறுவனத்தில் இருந்தாள். அறை முழுக்க என் கடல் நாற்றம். அவளுக்கு வேண்டியது ஒரு பென்சிலும், ஒரு பக்கம் அச்சடித்த தாளின் வெறும் பக்கமும்தான், பாதி நாள் அதுவும் வேண்டாம், கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் “நீ எப்போதான் வேலை செய்வே?” என்று கேட்டுவிட்டேன். “இப்பதான் செஞ்சிட்டிருந்தேன், நீ பேசிக் கெடுத்துட்டே” என்றாள்.

ஃபேன் பார்க்கிறவன்:

மேலே சொன்ன தோழி சார்பில் ஆஜராகிறேன், நானும் கணிதம். எங்களுக்குச் செலவு குறைவு என்பதால் எல்லோருக்கும் எங்களைப் பிடிக்கும், என்ன செய்தோம் என்று கேட்கும்போதுதான் சிக்கல். ராமானுஜனுக்கே அது இருந்தது. துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தவருக்கு, டிகிரி இல்லாதபோதும், 1913 மே மாதத்திலிருந்து பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. பதிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். மூன்று அறிக்கை கொடுத்தார், 1914 மார்ச்சில் கப்பல் ஏறிவிட்டார். நான் என் அறிக்கையில் ‘இந்த ஆறு மாதம் முயன்ற வழி அடைபட்டுவிட்டது’ என்று உண்மையை எழுதினேன். அதை ‘பணி தொடர்கிறது’ என்று மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். அதுவும் பொய் இல்லைதான்.

குப்பத்துப் பையன்:

நான் ஆராய்ச்சி செய்தவன் இல்லை, செய்யப்பட்டவன். மெரினா ஓரத்துக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தேன். 2004 சுனாமிக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்ததைவிட ஆராய்ச்சிக்காரர்கள் அதிகம் வந்தார்கள். எல்லோரும் நோட்டும் பேனாவுமாகத்தான் வருவார்கள், ஆனால் ஒருத்தர் கேட்பதை இன்னொருத்தர் கேட்க மாட்டார். ஒருத்தர் வந்து கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஃபைபர் போட்டுக்கு எத்தனை பங்கு, எஞ்சினுக்கு எத்தனை பங்கு என்று கேட்டுப் போவார். அடுத்த வாரம் வேறொருத்தர் மீன் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொரு மீனாகச் செவுளைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார், உள்ளே பேன் மாதிரி ஒரு பூச்சி இருந்தால் முகம் பிரகாசமாகிவிடும். எங்க அம்மா அந்த மீனைத் தூக்கித் தனியாகப் போட்டால் “ஐயோ அதாம்மா வேணும்” என்பார். இன்னொரு கோஷ்டி மீனையும் பார்க்காது மனுஷனையும் பார்க்காது, பத்தடிக்கு ஒரு இடத்தில் மணலைக் கரண்டியால் எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நம்பர் எழுதும். துறைமுகம் கட்டிய பிறகுதான் மெரினாவில் மணல் சேர்ந்து இவ்வளவு அகலமானது, அங்கே வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரிக்கிறது என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாட்டிக்குப் பிடித்தவர் ஒரு மானிடவியல் அக்கா. யார் யாருக்கு யார் முறை என்று இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டார். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு நடுவில் சமக்குறி, செத்துப்போனவர்களுக்கு மேலே ஒரு குறுக்குக் கோடு. எங்கள் குடும்பத்தில் அத்தை மகனைக் கட்டியது, மாமன் மகளைக் கட்டியது, அக்கா மகளைக் கட்டியது எல்லாம் உண்டு, மூன்றாவது தாளில் கோடுகள் வலை மாதிரி சிக்கிக்கொண்டன. பாட்டி அந்தத் தாளை வாங்கித் தாத்தாவின் முக்கோணத்தைத் தேடி, மேலே இருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர், போட்டோகூடக் கிடையாது. அந்தத் தாளில் ஒரு காப்பி வேண்டும் என்று கேட்டு வாங்கி, பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருந்தார்.

எது தப்பு என்று கேட்டதால் சொல்கிறேன். கடன் கேட்டவரிடம் பாட்டி பாதித் தொகைதான் சொன்னார். மீன் பூச்சி பார்க்க வந்தவரிடம் பேச்சுவாக்கில் முழுத்தொகையும் சொல்லிவிட்டார். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கிண்டிப் படிகம்:

சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன் தம்பி.

நான் படிகம் வளர்ப்பவன். வளர்ப்பவன் என்பது பெரிய வார்த்தை, கரைசலைப் பீக்கரில் ஊற்றி மேலே மூடி, மூடியில் ஊசியால் நாலு ஓட்டை போட்டுவிட்டு, அசையாத இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். வாரக்கணக்கில் தண்ணீர் ஆவியாகும், அதிர்ஷ்டம் இருந்தால் அடியில் உப்புக்கல் அளவுக்கு ஒன்று உருவாகும். எக்ஸ்-கதிர் அதன் வழியாகப் போனால்தான் எங்களுக்கு வாழ்க்கை. முதலில் இருந்த ஒரு ஆய்வகத்தில் நாற்பது நாள் வைத்திருந்த பீக்கரை, ஏதோ அழுக்குத் தண்ணீர் என்று நினைத்து ஒருவர் நல்ல மனதோடு கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். பளபளவென்று இருந்தது. என்ன சொல்ல?

பிறகு கிண்டி வளாகத்துக்கு வந்தேன். ஜி.என். ராமச்சந்திரன் இருந்த இடம். 1952ல் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் அங்கிருந்து கங்காரு வால் தசைநாணின் கொலாஜனை (தோலுக்கும் தசைநாணுக்கும் வலு தருகிற புரதம் அது) வாங்கி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார், 1954ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழையால் ஆனது என்று எழுதினார்கள். புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று காட்டுகிற, 1963ல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தை உலகத்தில் எங்கே புரதம் படித்தாலும் தாண்டிப் போக முடியாது. எனக்கு இதில் பிடித்தது அந்தத் தோல்தான். செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடுவது பற்றி ஆராய்கிறவர்கள் கொடுத்த பொருளில் ஒரு இயற்பியல்காரர் உயிரின் கயிற்றைப் பார்த்தார். இரண்டு இடமும் வேறு வேறு ஊரில் இருந்திருந்தால் நடந்திருக்குமா தெரியாது.

ஓலை:

ஒற்றுக்குக் கை நடுங்கும் டிடிபி அண்ணனுக்கு ஒரு ஆறுதல். நான் சுவடி படிக்கிறேன், அங்கே புள்ளியே கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, காலும் ரகரமும் ஒரே கோடு. ஆகவே ஓலையில் இருப்பது ‘கொடு’வா, ‘கோடு’வா, ‘கெரடு’வா என்பது முன்பின் வரியைப் பார்த்து நாம் முடிவு செய்வதுதான். எண்ணெய் தடவி, விளக்குக்கரி பூசித் துடைத்த பிறகு எழுத்து மேலே எழும்பி வரும், அப்போது வருகிற எலுமிச்சைப்புல் வாசனை சாயந்திரம் வரை விரலில் இருக்கும். தீரவில்லை என்றால் கடைசியில் தமிழ் லெக்சிகனிடம்தான் போவேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதி, 1,04,405 சொல், அதுவும் இதே பல்கலைக்கழகத்து வேலைதான். பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப்பிள்ளையே சுவடியோடு மல்லாடியவர் என்பதால், சந்தேகத்தோடு போனால் கொஞ்சம் மரியாதையாக நடத்துவதாக ஒரு நினைப்பு.

திருவல்லிக்கேணி டிடிபி:

எல்லோருக்கும் நன்றி. குப்பத்துத் தம்பி, அந்த அக்காவின் தீசிஸ் என் கடையில் அடித்ததாக இருக்கலாம், முக்கோணமும் வட்டமும் போட்ட ஒன்று ஞாபகம் இருக்கிறது, கோடு கோடாக இழுத்து இடுப்பு போனது.

இப்போது ஒரு உதவி. ‘வேல்’ சொன்ன அந்த அம்மா போன வாரம் எப்படியோ நம்பர் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். அவருடைய பிரதி வெள்ளத்தில் போய்விட்டதாம், என்னிடம் இருக்கிறதா என்றார். ஃப்ளாப்பி இருக்கிறது, பக்கத்துத் தெரு பையன் டிரைவ் வாங்கி வந்து திறந்தும் கொடுத்தான். பாமினி எழுத்துருவில் அடித்தது, யூனிகோடுக்கு மாற்றினால் எல்லாம் சரியாக வருகிறது, ஒற்று மட்டும் சில இடங்களில் பறந்துவிடுகிறது. அந்த அம்மாவிடம் இதை அப்படியே கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நல்ல கன்வெர்ட்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.