'வெளிப்பாடு' வேண்டாம், 'படுதல்' போதும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கருவிலும் முதல் சில ஆண்டுகளிலும் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் புகை, உலோகம், பூச்சிமருந்து ஆகியவை அதன் உடலையும் மூளையையும் என்ன செய்கின்றன என்று தாய்மாருக்கு ஒரு கையேடு எழுதி வருகிறேன். இப்படி வெளியே இருப்பது உடலைச் சேர்வதை ஆங்கிலத்தில் எக்ஸ்போஷர் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'வெளிப்பாடு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று தேவகோட்டை அண்ணன் சொல்லியிருந்தார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

காரைக்குடியில் எங்கள் தெருவில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணிடம் முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். 'குழந்தைகளின் காரீய வெளிப்பாடு' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "பிள்ளையிடமிருந்து காரீயம் வெளியே வருமா அக்கா?" என்று கேட்டாள். அவள் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டாள். உள்ளே இருப்பது வெளியே தெரிவதுதான் வெளிப்பாடு. நாம் சொல்ல வந்ததோ வெளியே இருப்பது பிள்ளையைச் சேர்வது. திசையே மாறிப்போகிறது. போதாததற்கு, மரபணு செயல்படுவதைக் குறிக்கும் 'மரபணு வெளிப்பாடு' என்ற சொல்லும் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'கருவில் ஏற்படும் வெளிப்பாடு மரபணு வெளிப்பாட்டை மாற்றும்' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

'தாக்கம்' என்றால் அது விளைவு. 'பாதிப்பு' என்றால் கெடுதல் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். காலை வெயிலும் தாயின் பேச்சும்கூட எக்ஸ்போஷர்தானே!

நம்மிடம் 'படு' இருக்கிறது. வெயில் படுகிறது, பனி படுகிறது, புகை படுகிறது. "பச்சைப்பிள்ளை மேல் வாடைக்காற்றுப் படக் கூடாது" என்று அப்பத்தா சொல்லும்போது எது, யார்மேல், எந்த வயதில் என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. ஆகவே காரீயம் படுதல், புகை படுதல், கருவில் படுதல், பட்ட அளவு, பட்ட பருவம் என்று எழுதலாம் என்கிறேன். பருவம் மிக முக்கியம். விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக ஈர்த்துக்கொள்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் கலந்த மீனை உண்ட தாய்மாரில் சிலருக்கு நோய்க்குறி பெரிதாகத் தெரியவில்லை. அவர்கள் வயிற்றில் இருந்த பிள்ளைகளோ மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வளவில் பங்காளிகள் சேர்ந்து பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். இரண்டாம் கட்டுக் கதவின் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட அது பொருக்குப் பொருக்காக ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல் உதிர்ந்தது. தவழ்ந்து வந்த பிள்ளை ஒரு பொருக்கை எடுத்து வாயருகே கொண்டுபோனது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கதவின் வயதை நினைத்துப் பாருங்கள்.

*

தங்கச்சிக்கு,

திசை தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'வெளிப்பாடு' என்ற என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு செய்திகள் மட்டும்.

கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் வெறும் 'ஈயம்' என்று இருக்கிறது. நம் ஊர்ப்பக்க வீடுகளில் ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும்தான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். வேறு உலோகம். அதே சமயம், வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து பூசிவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே ஓர் இடத்திலும் விடாமல் 'காரீயம்' என்றே எழுதுங்கள். பூச்சுக்காரரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

அடுத்தது, புற்றுநோய் ஆய்வாளர் கிறிஸ்டபர் வைல்ட் 2005இல் உருவாக்கிய 'எக்ஸ்போசோம்' என்ற சொல். கருவில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் ஒருவர்மேல் பட்டவை அத்தனையும் சேர்ந்தது அது. 'படுதல்' செயலைச் சொல்கிறது, சேர்ந்த மொத்தத்துக்கு ஒரு பெயர் வேண்டும். பட்டு அறிவதைப் பட்டறிவு என்கிறோமே, அந்த வழியில் 'பட்டதொகை' என்று வைக்கலாமா? அடுப்புப் புகை, வயல் மருந்து, பழைய பெயின்ட் எல்லாம் ஒரே குடிசையில் ஒரே பிள்ளைமேல் சேருகின்றன. பட்ட காலிலே படும் என்பது இதுதான். தனித்தனியே அளந்தால் இந்தக் கூட்டல் கண்ணுக்குத் தெரியாது.

*

அண்ணன், 'பட்டதொகை'யை எடுத்துக்கொண்டேன். ஈயத்தையும் எல்லா இடங்களிலும் திருத்திவிட்டேன்.

இன்று காலை அதே பெண்ணிடம் திருத்திய பக்கத்தைப் படித்தேன். இம்முறை சொல்லைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. "அப்படியானால் உங்கள் வீட்டுக் கதவைச் சுரண்டி முடிக்கும்வரை உங்கள் பிள்ளையை எங்கே விடுவீர்கள்?" என்று கேட்டாள். அதற்கான விடை கையேட்டில் இல்லை. பெயின்ட்டை நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், வேலை முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தக் கட்டுக்குள் வரக் கூடாது என்று இப்போது சேர்த்திருக்கிறேன். எங்கள் பிள்ளையைக் கீழத்தெருவில் ஆயா வீட்டில் விட்டிருக்கிறோம்.