களிமண்ணில் மேட்டுப்பாத்தி: மணல் கலக்கலாமா?

புதுத்தோட்டம்:
எங்கள் தோட்டம் முழுக்கக் களிமண். மழை பெய்தால் காலில் அப்பிக்கொண்டு வருகிறது, காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. தக்காளி, கத்தரி, கேரட் போட ஓர் அடி உயரத்துக்கு மரச்சட்டம் அடித்து மேட்டுப்பாத்தி போடப்போகிறேன். வெளியிலிருந்து மண் வாங்காமல் இதையே மணலோடு கலந்து நிரப்பலாமா? ஜிப்சம் போட்டால் இளகும் என்றும் சொல்கிறார்கள்.

மண்புழு:
மணல் வேண்டாங்க. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரை விடச் சிறியது, மணலுக்கு நடுவே உள்ள சந்துகளில் போய் அடைத்துக்கொண்டு காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிவிடும். மணல் பாதியைத் தாண்டி நன்றாகவே கூடினால்தான் பலன், அவ்வளவு மணலைச் சுமப்பதற்கு மட்கையே சுமக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு உங்கள் மண், ஒரு பங்கு நன்றாக மட்கிய உரம். மட்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் விடும் பசையில் களிமண் சிறு சிறு உருண்டைகளாகச் சேரும், அந்த இடைவெளிகளில்தான் தண்ணீர் வடியும், வேர் போகும். களிமண்ணைத் திட்டாதீர்கள், சத்தைப் பிடித்து வைப்பதில் அதற்கு ஈடு இல்லை.

ஏர்முனை:
மேலே சொன்னது சரி, ஆனால் சட்டத்துக்கு அடியில் உள்ள மண்ணை யாரும் கவனிப்பதில்லை. அது இறுகிக் கிடந்தால் தண்ணீர் அங்கே போய்த் தேங்கி வேர் அழுகும். நிரப்புவதற்கு முன் கடப்பாரையால் ஓர் அடி ஆழத்துக்கு நெம்பி விடுங்கள். ஈரமாக இருக்கும்போது மட்டும் தொடாதீர்கள், அப்போது மிதித்தால் கெட்டியாகிவிடும், அதைச் சரிசெய்யப் பருவங்கள் ஆகும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டுங்கள், உதிர்ந்தால் வேலை செய்யலாம், பந்தாகவே நின்றால் காத்திருங்கள். பாத்தி நான்கடி அகலத்துக்கு மேல் போகக்கூடாது, இரண்டு பக்கமும் நின்று கை எட்டினால் உள்ளே மிதிக்கவே வேண்டியதில்லை.

கரிசல்:
ஜிப்சம் எல்லாக் களிமண்ணுக்கும் மருந்தில்லை. சோடியம் மிகுந்த களர் மண்ணில்தான் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றி மண்ணைத் திறக்கும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி உள்ளே போடுங்கள், கலக்காமல் ஒரு நாள் விடுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் ஜிப்சம் உதவும். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அந்தக் காசையும் மட்குக்கே போடுங்கள்.

புதுத்தோட்டம்:
நன்றி, மணல் யோசனையை விட்டாச்சு. கேரட் முதல் பருவத்திலேயே வருமா?

மண்புழு:
குட்டை ரகம் என்றால் வரும். நீள ரகத்தை அடுத்த வருடம் பார்க்கலாம், கட்டி இடித்தால் வேர் இரண்டாகப் பிரிந்துவிடும். புதுச் சாணத்தை மட்டும் அந்தப் பாத்தியில் போட்டுவிடாதீர்கள். தக்காளி, கத்தரிக்கு இப்போதே நாற்று விடலாம், நட்டதும் வைக்கோலோ சருகோ பரப்பி மண்ணுக்கு மூடாக்குப் போட்டால் வெடிப்பும் குறையும்.