புதுப்பிப்பு: வார்டு போஸ்டிங்கில் தாய்ப்பால் பம்ப் செய்வது

ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) இரண்டாம் வருடம், ஐந்து மாதக் குழந்தை, காலை 7 முதல் 2 வரை வார்டு, பம்ப் செய்தால் வலி, பாலும் குறைகிறது என்று புலம்பியிருந்தேனே, அதன் பாக்கி. பதில் சொன்ன அக்காமாருக்கெல்லாம் நன்றி.

பலித்தது, பம்பில் மார்பின் மேல் வைக்கும் புனலின் அளவை மாற்றச் சொன்ன யோசனைதான். பம்போடு வந்த 24 மி.மீ. எனக்குப் பெரிது, காம்பை அளந்து பார்த்து 19 வாங்கினேன். வலி இரண்டே நாளில் போச்சு, பாலும் பழையபடி வருகிறது. வார்டு சிஸ்டரிடம் வாய்விட்டுக் கேட்டதும் அவர்கள் உடை மாற்றும் அறை பத்தரைக்குக் கிடைத்தது. இத்தனை நாள் பயந்ததுதான் மிச்சம். பூண்டுப் பாலும் குடித்தேன். ருசி உண்டு, வித்தியாசம் தெரியவில்லை.

எதிர்பாராதது: ஐஸ் பேக் பையில் கொண்டுவந்து ஃப்ரீசரில் உறைய வைத்த பாலில் சோப்பு வாடை. கெட்டுப்போகவில்லை, பாலிலேயே இருக்கும், கொழுப்பைச் சிதைக்கும் லிபேஸ் நொதியின் வேலை. ஆனால் மகள் தொடவே இல்லை. இப்போது வீட்டுக்கு வந்த கையோடு, ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, உடனே குளிரவைத்து உறைய வைக்கிறோம். குடிக்கிறாள்.